எஸ்.பி.ஏ தேர்வின் தர்க்கக் கேள்விகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் மலேசிய அரசாங்க வேலைக்கான எஸ்.பி.ஏ (பொதுச் சேவை ஆணையம்) தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருகிறேன். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள் உண்டு, ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவர்களும் உண்டு. முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நேரம் பாருங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. டாயா மெஞெலெசைக்கான் மசாலாஹ், அதாவது சிக்கலைத் தீர்க்கும் திறன் பகுதியில் கெட்டிக்காரப் பிள்ளைகளே எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைக் கேள்விக்குள் கொண்டு வராதீர்கள்

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். இரண்டு வாக்கியம் கொடுத்து, கீழே ஒரு முடிவு கொடுத்திருப்பார்கள். "எல்லா மீன்களும் பறக்கும். கெலி ஒரு மீன். ஆகவே கெலி பறக்கும்." முடிவு சரியா என்று கேட்டால், மண்டபத்தில் பாதிப் பேர் தவறு என்று போடுகிறார்கள். ஏன் என்றால், கெலி எங்கே அக்கா பறக்கும் என்கிறார்கள். கெலி பறக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மேலே இருக்கிற இரண்டு வாக்கியத்தையும் உண்மை என்று ஒப்புக்கொண்டால் இந்த முடிவு வந்தே தீருமா என்பதுதான் கேள்வி. வந்தே தீரும், அதனால் சரி.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். "பால்மரம் வெட்டுகிற எல்லாரும் விடியற்காலையில் எழுகிறார்கள். முனியம்மா விடியற்காலையில் எழுகிறார். ஆகவே முனியம்மா பால்மரம் வெட்டுகிறவர்." எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கணிதத்தில் ஏ எடுத்த ஒரு தங்கச்சி இதைச் சரி என்று போட்டுவிட்டு என்னோடு வாதாடினாள். "எங்க பாட்டி அப்படித்தானே அக்கா, நாலு மணிக்கே எழுந்து வெட்டுக்குப் போவாங்க" என்றாள். பாட்டி போனார், உண்மைதான். ஆனால் நாசி லெமாக் விற்கிறவரும்தான் நாலு மணிக்கு எழுகிறார். முதல் வாக்கியம் பால்மரம் வெட்டுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறது. விடியற்காலையில் எழுகிற மற்றவர்கள் யார் என்று அது வாயே திறக்கவில்லை. இதைப் புரிய வைக்க அன்றைக்கு வகுப்பு நேரம் முழுக்கப் போயிற்று, அப்போதும் அவள் முகத்தில் சமாதானம் இல்லை.

இது ஒரு கேள்வியோடு நிற்கிற தவறு இல்லை, அதுதான் இதில் ஆபத்து. ஒரு பத்தியைக் கொடுத்து இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம் என்று கேட்டாலும், கொடுத்த தகவல் போதுமா என்று கேட்டாலும், இதே பழக்கம் கூடவே வந்து நிற்கும். பத்தியில் இல்லாததை, ஊரில் கேட்டதை, நியாயமாகப் படுவதை எல்லாம் சேர்த்துக்கொண்டு நிச்சயமாகத் தவறான விடையை நிம்மதியாகத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தெரியாத கேள்வி என்றால் தெரியவில்லை என்றாவது உறுத்தும். இதில் உறுத்தவே உறுத்தாது.

மாற்ற ஒரே வழி, வட்டம் போடுவது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி விடியற்காலையில் எழுகிறவர்களுக்கு ஒரு பெரிய வட்டம். முனியம்மாவைப் பெரிய வட்டத்துக்குள், ஆனால் சின்ன வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியாக வைத்துப் பாருங்கள். கொடுத்த வாக்கியம் எதுவும் உடைகிறதா? இல்லை. அப்படியானால் முடிவு நிற்காது. முடிவைப் பொய்யாக்கும் படம் ஒன்று போட முடிந்தாலே போதும், அந்த முடிவைத் தள்ளிவிடலாம். "சில ஆசிரியர்கள் பாடகர்கள், எல்லாப் பாடகர்களும் பொறுமைசாலிகள்" என்று வந்தால் சில ஆசிரியர்கள் பொறுமைசாலிகள் என்பது வரை போகலாம், எல்லா ஆசிரியர்களும் என்று போக முடியாது. இதையும் படம் போட்டே பாருங்கள், சூத்திரமாக மனப்பாடம் செய்யாதீர்கள்.

எண் வரிசையில் பக்கத்து எண்ணையே முறைத்துக்கொண்டிருப்பது

5, 20, 7, 17, 9, 14, அடுத்தது என்ன? கழித்துக் கழித்துப் பார்த்துக் களைத்துப் போகிறார்கள். எண்கள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் முதலில் ஒன்று விட்டு ஒன்று பாருங்கள். 5, 7, 9 தனியாக ஏறுகிறது, 20, 17, 14 தனியாக இறங்குகிறது, விடை 11. அப்புறம், கண்டுபிடித்த விதி எல்லா எண்ணுக்கும் பொருந்துகிறதா என்று கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் மூன்று எண்ணோடு திருப்தி அடைகிறவர்கள்தான் அதிகம்.

விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்வது

வேண்டாம்.

பழைய கிரேடு

2024 டிசம்பர் 1 முதல் அரசாங்க ஊழியர்களுக்குப் புதிய சம்பள முறை, வேலைக் கிரேடுகளின் எண்ணும் மாறிவிட்டது. எம்41 இப்போது எம்9, என்19 இப்போது என்1. பழைய புத்தகத்தில் பழைய எண் இருக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள், தர்க்கக் கணக்கு அதேதான்.

லைன்

தேர்வு இணையம் வழி நடக்கிறது. தோட்டத்து வீட்டில் லைன் விட்டு விட்டு வருமானால், அன்றைக்குப் பட்டணத்தில் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது போய் உட்காருங்கள், முந்தின நாளே போய் லைன் எப்படி என்று பார்த்துவிட்டு வாருங்கள்.