நியூட்ரலைக் கடன் வாங்காதீர்கள்: வீட்டு வயரிங்கில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்கள், கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் வீட்டின் பின்புறத்தை இழுத்து இன்னொரு சமையலறை கட்டுகின்றன. சுவர் பூசி முடிந்த பிறகுதான் வயர்மேனைக் கூப்பிடுவார்கள். வேலை பழகும் பிள்ளைகள் அந்தப் பின்கட்டில்தான் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள். ஸ்க்ரூவை இறுக்க மறப்பதை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

கடன் வாங்கிய நியூட்ரல்

புது விளக்குக்கு லைவ் (கரண்டு வரும் வயர்) பக்கத்துச் சுவிட்சிலேயே கிடைக்கும். நியூட்ரல் (கரண்டு திரும்பும் வயர்) அங்கே இருக்காது, கூரைக்குள் ஏறி இழுக்க வேண்டும். அதைத் தவிர்க்க, கீழே இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கிலிருந்து நியூட்ரலை எடுத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும். கோளாறு வேறு இடத்தில் முளைக்கும்.

பல வீடுகளின் டிபி பெட்டியில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இரண்டு இஎல்சிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்சு) இருக்கும்: விளக்கு, ஃபேனுக்கு 100 மில்லிஆம்பியர், பிளக்குகளுக்கு 30. லைவில் போன கரண்டு தன் நியூட்ரல் வழியாகவே திரும்புகிறதா என்று ஒவ்வொன்றும் பார்க்கும். 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லிஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்டு விளக்கு இஎல்சிபி வழியாகப் போய், பிளக்கு இஎல்சிபி வழியாகத் திரும்புகிறது. 100 மில்லிஆம்பியர் இஎல்சிபி 50-க்குக் கீழே விழக்கூடாது (தானே அணையக்கூடாது), அதனால் பெரும்பாலும் நிற்கும். 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி விழுந்துவிடும். சாயங்காலம் பின்கட்டு விளக்கைப் போட்டதும் ஐஸ்பெட்டி நின்றுபோகும். வீட்டுக்காரர் ஐஸ்பெட்டியைச் சந்தேகிப்பார். வயர்மேன் நல்ல இஎல்சிபியைக் கழற்றிப் புதிது மாட்டுவார். அதுவும் விழும். கடைசியில் சிலர் இஎல்சிபியையே நேராக ஜம்பர் அடித்துவிடுகிறார்கள், அதாவது அதைத் தாண்டி வயர் போட்டு அது வேலை செய்யாதபடி ஆக்கிவிடுகிறார்கள். இதை மன்னிக்கவே முடியாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வருவது டிடி முறைச் சப்ளை. கசியும் கரண்டு வீட்டு எர்த் ராட் (மண்ணில் அடித்த கம்பி) வழியாக மண்ணில் இறங்கித்தான் திரும்ப வேண்டும். எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், லைவ் வயர் வாஷிங் மெஷின் தகட்டைத் தொட்டாலும் 11 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் அணையும் சுவிட்சு) அதற்கு அசையாது. தகடு ஏறக்குறைய 230 வோல்ட்டோடு நிற்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அம்மா அதைத் தொடுவார். அந்த இடத்தில் அவருக்கு இருக்கும் ஒரே காவல் நீங்கள் ஜம்பர் அடித்த இஎல்சிபி.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மெயினை அணைத்து, இரண்டு இஎல்சிபியையும் எல்லா எம்சிபியையும் இறக்குங்கள். பிளக்கில் செருகியிருப்பதை எல்லாம் உருவுங்கள். கரண்டு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்தபின், சந்தேகப்படும் விளக்கின் நியூட்ரலைப் பிரித்து, நீள வயர் ஒன்றால் மீட்டரை டிபி வரை கொண்டு வாருங்கள். எந்த நியூட்ரல் பாரோடு (ஒவ்வொரு இஎல்சிபிக்கும் உரிய நியூட்ரல் வயர்கள் சேரும் கட்டை) கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டுகிறதோ, அதுதான் அதன் வீடு. விளக்கின் லைவ் வேறு இஎல்சிபியில் இருந்தால் நியூட்ரல் கடன் வாங்கியது. கூரைக்குள் ஏறி, சரியான பாரிலிருந்து புது வயர் இழுங்கள்.

எம்சிபி எல்லாம் இறக்கியும் இஎல்சிபி விழுகிறதா? வீட்டு எம்சிபி லைவை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. மெயினை அணைத்து, நியூட்ரல்களைப் பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) எர்த்தோடு வைத்துச் சோதியுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்குவதைத் தேடுங்கள்.

எம்சிபி விழுந்தால் பெரிதாக்குவது

2.5 சதுர மில்லிமீட்டர் ரேடியல் வயருக்கு (டிபியிலிருந்து ஒரே வழியாகப் போகும் வயர்) 20 ஆம்பியர் எம்சிபி. 32 போட்டால் எரிவது வயர்.

நீல வயர்

சுவருக்குள் வரும் பழைய மூன்று ஃபேஸ் வயரிங்கில் நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல். சாமான்களோடு வரும் நெளிவயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். பின்கட்டு ஜங்ஷன் பெட்டியில் இவை இரண்டும் சந்திக்கும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

வாட்டர் ஹீட்டர்

10 மில்லிஆம்பியர் இஎல்சிபி, தனி வயர். டபுள் போல் சுவிட்சு (லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) குளியலறைக்கு வெளியே.

டெஸ்ட் பட்டன்

மாதம் ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். அது இஎல்சிபியை மட்டும் சோதிக்கும். எர்த் ராட் அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் இஎல்சிபி விழத்தான் செய்யும். எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும்.

போராங்

மேற்பார்வைக்கும் வேலை நிறைவுக்கும் ஜி போராங் (படிவம்), சோதனைக்கு எச் போராங். சோதிக்காமல் எச் போராங்கில் கையெழுத்து வேண்டாம்.