மருந்துக்குப் புற்றுச் செல் கேட்கிறதா? நொதியை அளந்து பார்க்கும் முறை

மருந்து கொடுத்த பின் புற்றுச் செல்கள் எவ்வளவு உயிருடன் இருக்கின்றன என்று பார்க்கப் பயன்படுவது எம்டிடி என்ற சாயத்தை வைத்துச் செய்யும் சோதனை. அது செல்களை எண்ணுவதில்லை. உயிருள்ள செல்லின் டிஹைட்ரஜனேஸ் போன்ற நொதிகள் மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக எவ்வளவு மாற்றின என்பதைத்தான் காட்டுகிறது. இதை மறந்தால் சில மருந்துகளில் ஏமாந்துபோவீர்கள்.

96 குழித் தட்டில், குழிக்கு 100 மைக்ரோலிட்டர் மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) 3,000 முதல் 5,000 செல்கள் போடுங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். அவற்றில் பிபிஎஸ் (செல்லுக்குக் கேடில்லாத உப்புக் கரைசல்) மட்டும் போதும். 24 மணி நேரம் ஒட்டவிட்டு, மீடியத்தை எடுத்துவிட்டு மருந்து கலந்த மீடியம் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, 72 மணி நேரம் வையுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது மூன்று குழிகள் வேண்டும். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மருந்தில்லாக் குழிகளிலும் அதே அளவு இருக்கட்டும்.

மருந்து சேர்க்கும் நேரத்திலேயே, இதே போலச் செல் போட்ட இன்னொரு தட்டை எம்டிடியால் அளந்து குறித்துவையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்தத் தொடக்க அளவு இல்லாமல், செல் செத்ததா, வளராமல் நின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எம்டிடியை பிபிஎஸ்ஸில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைத்து, வடிகட்டி, வெளிச்சம் படாமல் வையுங்கள். குழிக்கு 10 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம். மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாக ஊதாப் படிகங்கள் தெரியும். மீடியத்தை உறிஞ்சும்போது பிப்பெட் முனை அடியில் படவே கூடாது. படிகம் கூடவே போய்விட்டால் மருந்து வேலை செய்தது போலத் தோன்றும். 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்து, 10 நிமிடம் ஆட்டி, 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, 630இல் வந்ததைக் கழியுங்கள்.

செல் இல்லாமல் மருந்தும் எம்டிடியும் மட்டும் உள்ள குழிகளும் அவசியம். வைட்டமின் சி, பாலிஃபீனால்கள் போன்றவை தாமாகவே எம்டிடியை ஊதாவாக்கும்.

பால்போசிக்ளிப் போன்ற சிடிகே4/6 தடுப்பான்களில்தான் (செல் பிரிவை முன்னே தள்ளும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள்) பெரிய சிக்கல். செல், டிஎன்ஏ படியெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் நின்றுவிடும், ஆனால் சாகாது. பருத்து, மைட்டோகாண்ட்ரியாவும் கூடுவதால் ஊதா நிறம் குறையாமல் இருக்கும். இங்கே தைமிடின் கைனேஸ் 1ஐ அளப்பதே சரி. டிஎன்ஏ படியெடுக்கும் எஸ் கட்டத்தை ஒட்டி உயர்ந்து, செல் பிரிந்ததும் சிதைக்கப்படும் நொதி அது. செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவி, பனிக்கட்டி மேல் வைத்தே உடைத்து, கிடைத்த செயல்பாட்டைப் புரத அளவால் வகுத்துக்கொள்ளுங்கள். 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்று மருந்துக்கு மட்டும் இதைத் தனியாக நம்ப வேண்டாம்: டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமிடிலேட்டை உருவாக்கும் தைமிடிலேட் சிந்தேஸ் நொதி அடைபட்டதும் செல் மாற்று வழியைத் தேடுவதால், மருந்து வேலை செய்யும்போதே தைமிடின் கைனேஸ் கூடக்கூடும். அப்போது செல்களை நேரடியாக எண்ணிவிடுங்கள்.