பட்டறையில் எந்தச் சாமானுக்கு என்ன நிறம் அடிப்பது?

ஆயுதபூஜைக்கு மெஷினையெல்லாம் கழுவித் துடைத்துப் பெயிண்ட் அடிக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் எப்படியும் இருக்கிறது. அந்தச் செலவோடு செலவாகப் பாதுகாப்பு நிறங்களையும் போட்டுவிடலாம், கூடுதலாக நாலைந்து சின்ன எனாமல் டப்பா வாங்கினால் போதும். ராணிப்பேட்டை, காட்பாடிப் பக்கம் ஒரே பட்டறையில் தமிழ், உருது, தெலுங்கு, இப்போது இந்தியும் ஓடுகிறது; சுவரில் தமிழில் மட்டும் "தொடாதே" என்று எழுதி வைத்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. நிறத்தை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் புரியும்.

முதலில் தேவையில்லாத சிவப்பை ஒழியுங்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறதென்று டிரில்லிங் மெஷின், பெஞ்ச், கிரைண்டர் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் சிவப்பை அடித்து வைத்திருப்பார்கள், அப்புறம் கை மாட்டிக்கொண்ட நேரத்தில் நிறுத்துகிற பட்டன் எங்கே என்று கண் தேடிக்கொண்டிருக்கும். மெஷின் உடம்புக்குச் சாம்பல் நிறம் போதும். சிவப்பு, அவசர நிறுத்தப் பட்டனுக்கும் தீயணைப்புச் சாமானுக்கும் மட்டும். பட்டனுக்குப் பின்னால் மஞ்சள் தகடு இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

ஆரஞ்சை எங்கே அடிப்பது என்பதில்தான் சூட்சுமம். பெல்ட் கார்டு (ஓடுகிற பெல்ட்டை மறைக்கிற மூடி), கியர் மூடி இவற்றின் உள்பக்கத்தில் அடியுங்கள். மூடி ஒழுங்காக மூடியிருந்தால் ஆரஞ்சே கண்ணில் படாது. யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் பளிச்சென்று தெரியும், அந்த மெஷினை ஓட்டக்கூடாது என்று அப்ரண்டிஸ் பையனுக்குக்கூடப் புரிந்துவிடும்.

தடுக்கி விழுகிற, தலை இடிக்கிற இடங்களுக்கு மஞ்சளும் கறுப்பும் சாய்வுக் கோடாக. முதலுதவிப் பெட்டிக்கும் வெளியேறும் வழிக்கும் பச்சை. கண்ணாடி போடு, கையுறை போடு என்று கட்டாயம் செய்யவேண்டியதைச் சொல்கிற வட்டப் பலகைக்கு நீலம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆட்கள் உண்டு, அதனால் நிறத்தோடு ஒரு படமோ வடிவமோ சேர்ந்தே இருக்கட்டும். மஞ்சள் சோடியம் விளக்கு எரிகிற ஷெட்டில் எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும், முதலில் விளக்கை மாற்றுங்கள்.

லேத்தில் வேலைத்துண்டைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக்கை இறுக்கும் சாவியை முழுக்க மஞ்சளாக்கிவிடுங்கள். சக்கிலேயே சாவியை விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும்; எண்ணெய்க் கறுப்பேறிய சாவி சக்கோடு சக்காகக் கண்ணுக்குத் தப்பிவிடும், மஞ்சள் தப்பாது.

வெல்டிங் பக்கம் நீங்களாக நிறம் கண்டுபிடிக்க வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலின் மெரூன். ஹோஸ் ஆக்சிஜனுக்கு நீலம், அசிட்டிலினுக்குச் சிவப்பு. அசிட்டிலின் நட்டு இடப்பக்கம் திருகினால்தான் ஏறும், அதன் முனைகளில் வெட்டுக்குறியும் இருக்கும், அதையும் பார்த்துப் பழகுங்கள். சிலிண்டர்மேல் பிரஷ்ஷே வைக்காதீர்கள், ஆக்சிஜன் ரெகுலேட்டர் பக்கம் பெயிண்டோ கிரீஸோ போகவே கூடாது.

கைக்கருவிகளுக்கு வருவோம். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவருக்குப் பெஞ்சுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. பி.வி.சி. டேப் சுற்றுவது சுலபம்தான், ஆனால் வேலூர் வெயிலில் பசை இளகிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், டேப் நழுவினால் பிடியும் நழுவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, பிடிக்கிற இடத்தை விட்டு ஒரு விரல் அகலத்துக்கு எனாமல் பட்டை அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். சுத்தியலின் மரப்பிடிக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள், உள்ளே விரிசல் விட்டிருந்தால் தெரியாது. கிரைண்டிங் வீலிலும் எதையும் பூசாதீர்கள். 4 இஞ்ச் வீலில் விநாடிக்கு 80 மீட்டர் வேகம், நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று அச்சிட்டிருப்பார்கள், அது மறையாமல் இருந்தால்தான் கிரைண்டரின் வேகத்தோடு ஒத்துப்பார்க்க முடியும்.

செயின், ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்குகிற கயிறு, பட்டை), எக்ஸ்டென்ஷன் ஒயர் மாதிரி தேய்ந்துபோகிற சாமானுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் வைத்து, சோதித்துப் பார்த்த பிறகு மட்டும் அந்த நிற டேகைக் கட்டுங்கள். எந்த மாதத்துக்கு எந்த நிறம் என்று வாசலில் ஒரு அட்டையில் பூசித் தொங்கவிடுங்கள். பழைய நிறத்தோடு ஒரு ஸ்லிங் வந்தால், சரக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி, கொக்கியில் மாட்டக்கூடாது.