பழைய லேத்துக்குக் குறைந்த செலவில் சாமான் சேர்ப்பது: எதை முதலில் வாங்குவது, எதை நாமே செய்வது

கோவையில் மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து 4½ அடி பெல்ட் லேத் (கடைசல் மெஷின்) ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் இறக்கியிருக்கிறார், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். "லேத்துக்கே காசு தீர்ந்துபோச்சுங்கண்ணா. கூட ஒரு சாமானும் வரல. எதை முதல்ல வாங்கறதுங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். என் கணக்கு இதுதான்: லேத் தனக்கு வேண்டியதில் பாதியைத் தானே செய்துகொள்ளும். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர என்ன வேண்டுமோ, அதற்கு மட்டும் காசு செலவழியுங்கள்.

படி 1: கடைக்குப் போகும் முன் அளவெடுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிண்டில் (கடையும் துண்டைச் சுழற்றும் தண்டு) மூக்கு மரையா, ஃபிளாஞ்சா (போல்ட்டால் பூட்டும் தட்டு)? மரை என்றால் அதன் விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, மரைக்குப் பின்னால் உள்ள வழவழப்பான தோளின் விட்டம்.

டெயில் ஸ்டாக் (ஸ்பிண்டிலுக்கு எதிரே நகரும் தாங்கி) துளையின் வாய் விட்டம். வெர்னியரில் 17.8 மி.மீ. பக்கம் காட்டினால் எம்.டி. 2 (மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புத் துளை அளவு). 23.8 என்றால் எம்.டி. 3. 31.3 என்றால் எம்.டி. 4. பழைய மெஷினில் வாய் தேய்ந்து அளவு கொஞ்சம் கூடக் காட்டும். பக்கத்துப் பட்டறையில் ஒரு சிலீவ் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

டூல் போஸ்ட்டில் (டூலைப் பிடிக்கும் தாங்கி) டூல் உட்காரும் தளத்திலிருந்து சென்டர் (ஸ்பிண்டிலின் மையம்) வரை எவ்வளவு உயரம், ஸ்பிண்டில் அதிகபட்சம் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆர்.பி.எம். எதற்கு என்பது டூல் வாங்கும்போது தெரியும்.

படி 2: ஒரே ஒரு சக் என்றால் ஃபோர் ஜா

சக் என்பது கடையும் துண்டைப் பிடிக்கும் கவ்வி, ஜா அதன் பிடிப்பல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் த்ரீ ஜா சக்கைத்தான் கேட்பார்கள். சாவியைத் திருப்பினால் மூன்று ஜாவும் ஒன்றாக வந்து பிடிக்கும், வேலை சுலபம். ஆனால் உள்ளே ஜாக்களை நகர்த்தும் ஸ்க்ரோல் தேய்ந்த பழைய த்ரீ ஜாவில் மாட்டிய ஜாப் (கடையும் துண்டு) மையம் விலகி அவுட் அடித்துக்கொண்டே இருக்கும், நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஃபோர் ஜா அப்படியில்லை. ஒவ்வொரு ஜாவும் தனித்தனியாக நகரும். கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து 0.02 மி.மீ.க்குள் சென்டர் பண்ணிவிடலாம். சதுரக் கம்பி, வார்ப்புத் துண்டு, கோணல்மாணலான ஜாப் எல்லாம் அதில் நிற்கும். அதனால் செகண்ட் ஹேண்டில் துணிந்து வாங்கக்கூடிய சக் இதுதான். முதல் சில நாள் சென்டர் பண்ண இருபது நிமிடம் ஆகும். ஒரு மாதத்தில் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிடும். கை அதைக் கற்றுக்கொள்வதே பெரிய லாபம்.

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் சக்கைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை: உடலில் விரிசல் இருக்கிறதா, சாவி போகும் சதுரத் துளை உருண்டுவிட்டதா, ஜா திருகும் ஸ்க்ரூவின் மரை நைந்திருக்கிறதா. த்ரீ ஜா என்றால் ஜாக்களில் 1, 2, 3 எண்ணும், மூன்றிலும் ஒரே சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். வேறு சக்கின் ஜாவைப் போட்டு விற்பதும் உண்டு. கூடவே ஒரு வழவழப்பான கம்பியை எடுத்துப் போங்கள். பழைய பிஸ்டன் பின் போதும். அதைச் சக்கில் இறுக்கிவிட்டு வெளி நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஜாக்கள் வாய்ப்பக்கம் தேய்ந்து, உள்பக்கம் மட்டுமே பிடிக்கின்றன என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

பேக் பிளேட்டை (சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தட்டு) முடித்த நிலையில் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஸ்பிண்டிலுக்கு மரை மட்டும் வெட்டிய வார்ப்பிரும்பு பேக் பிளேட் வாங்குங்கள். அதை உங்கள் லேத்திலேயே மாட்டி, முகத்தையும் சக் உட்காரும் படியையும் கடைந்தால் அது உங்கள் ஸ்பிண்டிலுக்கு நேராக இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பிளேட்டும் இதைவிடச் சரியாக உட்காராது.

மரை ஸ்பிண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சக் மாட்டியிருக்கும்போது மெஷினை வேகமாக ரிவர்ஸில் ஓட்டாதீர்கள், சக் கழன்று விழும்.

படி 3: டயல் கேஜைப் புதிதாகவே வாங்குங்கள்

0.01 மி.மீ. டயல் கேஜ் ஒன்று, மேக்னெட்டிக் ஸ்டாண்ட் ஒன்று. பெரிய கம்பெனிப் பெயர் தேவையில்லை. ஆனால் பழையது வேண்டாம். கீழே விழுந்த கேஜ் வெளியே பளபளவென்று இருக்கும், முள் மட்டும் ஒரு இடத்தில் சிக்கும். கடையிலேயே தண்டை மெதுவாக அழுத்தி விட்டுப் பாருங்கள், முள் ஒவ்வொரு தடவையும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

படி 4: கார்பைடு பிறகு, ஹெச்.எஸ்.எஸ். முதலில்

இங்குதான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள். ஹெச்.எஸ்.எஸ். என்பது ஹை ஸ்பீட் ஸ்டீல், கார்பைடு அதைவிடக் கடினமான வெட்டுமுனை. கார்பைடு முனையை மாற்றிப் போடும் இன்சர்ட் ஹோல்டர் செட் பார்க்க அழகாக இருக்கும். உங்கள் லேத்துக்கு அது பொருந்துமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியை ஹெச்.எஸ்.எஸ். டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய, ஸ்பிண்டில் 380 ஆர்.பி.எம். ஓடினால் போதும். அதே கம்பியில் கார்பைடு நன்றாக வெட்ட நிமிடத்துக்கு 100 மீட்டர் என்று வைத்தால் 1270 ஆர்.பி.எம். வேண்டும். பழைய பெல்ட் லேத்துகள் பலவும் அந்த வேகத்தைத் தொடாது. வேகம் போதாத இடத்தில் கார்பைடு பிய்த்துப் பிய்த்து எடுக்கும், ஃபினிஷ் வராது, முனையும் உடையும்.

ஹெச்.எஸ்.எஸ். டூல் பிட் 3 நூல் அல்லது 4 நூல் சதுரத்தில் நான்கு வாங்குங்கள். (பட்டறைக்குப் புதியவர்களுக்கு: ஒரு நூல் என்றால் கால் அங்குலத்தில் பாதி, 8 நூல் ஓர் அங்குலம்.) மிராண்டா போன்ற தெரிந்த பெயரில் வாங்கினால் பிட் முழுக்க ஒரே கடினமாக இருக்கும். 1900 பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் இந்த வகை எஃகால் முனை சிவக்கச் சிவக்கக் கடைந்து காட்டினார்கள். இன்றைக்கும் சிறு பட்டறைக்கு இதைவிடத் தோதானது இல்லை. ஒரு பிட்டைச் சாணை பிடித்தே வருடக்கணக்கில் ஓட்டலாம்.

சாணை பிடிக்கும் கோணம்: மைல்ட் ஸ்டீல் கடைவதற்கு என்றால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் 8 முதல் 10 டிகிரி கிளியரன்ஸ் (ஜாபில் உரசாமலிருக்க விடும் சரிவு), மேல்தளத்தில் பக்கவாட்டாக 12 டிகிரி சரிவு. பித்தளைக்கு மேல்தளம் சமமாகவே இருக்கட்டும், சரிவு கொடுத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடானால் தண்ணீரில் நனைக்கலாம். கார்பைடு ஒட்டிய டூலை மட்டும் நனைக்கவே கூடாது, விரிசல் விட்டுவிடும். அதற்குப் பச்சை வீல் வேண்டும். கண்ணாடி போடாமல் சாணையில் நிற்காதீர்கள்.

சென்டர் உயரம் சரிசெய்ய ஷிம் செட் (டூலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுகள்) எதற்கு? உடைந்த ஹேக்சா பிளேடுகளின் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு அடுக்குங்கள். உயரம் சரியா என்று பார்க்க, உருண்டை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடியுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் முனை சென்டரில் இருக்கிறது.

படி 5: டெயில் ஸ்டாக்குக்கு இரண்டு

ஒரு டெட் சென்டர் (ஜாபின் வெளி நுனியைத் தாங்கும், சுழலாத கூர்முனை). விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. முனையில் கிரீஸ் வைத்து நிதானமான வேகத்தில் ஓட்டுங்கள். ஜாபோடு சுழலும் ரிவால்விங் சென்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மலிவானதில் பேரிங் ஆட்டம் இருக்கும்.

இன்னொன்று 13 மி.மீ. டிரில் சக். நான் சக்கை ஒரு கடையிலும் ஆர்பரை (சக்கை டெயில் ஸ்டாக்கில் மாட்டும் தண்டு) இன்னொரு கடையிலும் வாங்கினேன். சக்கின் பின்துளை ஜே.டி. 6, ஆர்பரின் முனை பி 16; இரண்டும் வெவ்வேறு கூம்பு அளவுகள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அளந்தால் ஜே.டி. 6 பெரிய பக்கம் 17.2 மி.மீ., பி 16 வெறும் 15.7. சக் லொடலொடவென்று ஆடியது. இரண்டையும் ஒரே கடையில், அங்கேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்பர் வாங்கவும் காசு இல்லையா? பழைய இரும்புக் கடையில் உடைந்த டேப்பர் ஷேங்க் (கூம்பு அடித்தண்டு) டிரில்கள் கிலோ கணக்கில் கிடைக்கும். பெரிய டிரில்களில் வெட்டும் பகுதிதான் ஹெச்.எஸ்.எஸ்., ஷேங்க் சாதாரண எஃகில் செய்து பற்றவைத்தது. அதனால் அதைக் கடைய முடியும். உங்கள் எம்.டி. அளவில் ஒரு ஷேங்க் கிடைத்தால் ஆர்பர், டை ஹோல்டர், சென்டர் எல்லாம் அதிலிருந்தே வரும்.

படி 6: முதல் சொந்தத் தயாரிப்பு, போரிங் பார்

போரிங் பார் என்பது துளையை உள்ளே கடைந்து பெரிதாக்கும் தண்டு. வேண்டியவை: 20 மி.மீ. உருண்டைக் கம்பி ஒரு சாண் நீளம், உடைந்த சென்டர் டிரில் (துளை தொடங்கக் குறி போடும் குட்டை டிரில்) ஒன்று. 6.3 மி.மீ. உடல் கொண்ட சென்டர் டிரில் முழுக்க ஹெச்.எஸ்.எஸ்., அதுதான் நம் பிட்.

கம்பியை ஃபோர் ஜாவில் பிடித்து முகத்தை ஃபேஸ் பண்ணி (சமமாகக் கடைந்து), டெயில் ஸ்டாக்கிலிருந்து 5 மி.மீ. துளையை 15 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு எம் 6 டேப் அடித்து மரை வெட்டுங்கள். பிறகு கம்பியின் பின்பாதியில் மேலும் கீழும் ஃபைலால் தட்டையாக்கி, டூல் போஸ்ட்டில் குறுக்காக, சரியாகச் சென்டர் உயரத்தில் இறுக்குங்கள். இப்போது டிரில்லை ஸ்பிண்டிலில் உள்ள சக்கில் மாட்டுங்கள். முதலில் நல்ல சென்டர் டிரில்லால் குறி போட்டு, பிறகு 6.4 மி.மீ. டிரில்லை ஓடவிட்டு சாடிலை (டூல் போஸ்ட்டைச் சுமந்து நகரும் பகுதி) மெதுவாக நகர்த்தினால், நுனியிலிருந்து 10 மி.மீ. உள்ளே குறுக்குத் துளை நேராக விழும். டேப்பை இன்னொரு தடவை விட்டுப் பிசிறை எடுங்கள். பிட்டைச் செருகி நுனியில் தலையில்லாத அல்லன் கிரப் ஸ்க்ரூவால் பூட்டினால் பார் தயார்.

மாட்டும்போது டூல் போஸ்ட்டுக்கு வெளியே 80 மி.மீ.க்கு மேல் நீட்டாதீர்கள், அதாவது பாரின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு. முனையைச் சென்டருக்கு ஒரு முடி அளவு மேலே வையுங்கள், வெட்டும் பளுவில் பார் கொஞ்சம் கீழே அமுங்கும். போர் செய்த துளையை வாயிலும் அடியிலும் அளந்து பாருங்கள். அடியில் சிறுத்திருந்தால், டூலை நகர்த்தாமல் அதே அளவில் இன்னும் இரண்டு தடவை விட்டு எடுங்கள்.