ஜோடிக் கருந்துளை என்று முடிவுகட்டும் முன்

தொலைதூரக் கேலக்ஸியின் படத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரகாசமான புள்ளிகள். உடனே "இரை தின்று வளரும் இரண்டு பெருங் கருந்துளைகள்" என்று எழுதிவிடுவதுதான் இதில் பலரும் வழுக்கி விழும் இடம். 1979-இல் பெருங்கரடி மண்டலத்தில் ஒரு குவேசார் ஜோடி கண்ணில் பட்டது. (கருந்துளை தீனி எடுப்பதால் பளீரிடும் கேலக்ஸி மையம்தான் குவேசார்.) இரண்டின் நிறமாலையும், அதாவது ஒளியை நிறவாரியாகப் பிரித்த பட்டையும், அச்சு அசலாக ஒன்றே. விசாரித்துப் பார்த்தால் அங்கே இருந்தது ஒரே குவேசார்தான். நடுவில் இருக்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து இரண்டு பிம்பமாக்கியிருந்தது. ஒரு பிம்பம் மினுங்கினால், ஏறத்தாழ 417 நாள் கழித்து மற்றதும் அதேபோல மினுங்குகிறது! ஆக, நிறமாலை அப்படியே ஒத்துப்போனால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்பட வேண்டும். நடுவில் ஒரு கேலக்ஸி ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

அதற்காகச் செந்நகர்வை, அதாவது தூரத்தைக் காட்டிக்கொடுக்கும், ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவை, பார்க்காமலும் விடக்கூடாது. ஒன்று வெகு முன்னாலும் மற்றது வெகு பின்னாலும் இருந்து, நம் பார்வைக்கோட்டில் தற்செயலாக ஒட்டித் தெரியலாம். சில சமயம் இரண்டாவது புள்ளி நம் பால்வெளியின் சாதாரண நட்சத்திரமாகவே இருக்கும்.

நிறமாலையில் ஆக்சிஜன் கோடு இரண்டாகப் பிளந்து தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரே கருந்துளையைச் சுற்றி வாயு வெளியே பீறிட்டாலும், தட்டாகச் சுழன்றாலும் கோடு அப்படித்தான் பிளக்கும். இந்த வழியில் கிடைத்த ஜோடிகளில் பெரும்பாலானவை பிறகு ஒற்றையாகிப் போயின.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பினால் நேர்மாறான தவறு நடக்கும்: உண்மையான ஜோடி கை நழுவும். கேலக்ஸிகள் மோதும்போது வாயுவும் தூசியும் மையத்தில் குவிகின்றன. கருந்துளைக்கு அதுதான் தீனி, நமக்கு அதுதான் திரை. மோதி இணைந்துகொண்டிருக்கும் என்ஜிசி 6240 என்ற கேலக்ஸியின் இரு மையங்களிலும் கருந்துளைகள் தீனி எடுப்பதைச் சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரில்தான் 2002-இல் காட்டியது.

சரி, ஜோடி உறுதி என்றே வைத்துக்கொள்வோம். "விரைவில் மோதும்" என்று சேர்த்துவிடாதீர்கள். என்ஜிசி 6240-இல் இடைவெளி சுமார் 3,000 ஒளியாண்டு. ஒன்றின் ஈர்ப்பில் மற்றது கட்டுண்டு சுற்றும் நெருக்கம் இன்னும் வரவில்லை. 0402+379 என்ற ரேடியோ கேலக்ஸியில் இடைவெளி வெறும் 24 ஒளியாண்டு. அங்கேயும் ஒரு சுற்றுக்குச் சுமார் 30,000 ஆண்டு ஆகும் என்கிறது கணக்கு. இன்னும் நெருங்கினால், அவற்றின் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு போக அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் தீர்ந்துவிடலாம். 'இறுதி பார்செக்' (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) சிக்கல் என்று வானியலாளர்கள் தலையைச் சொறிவது இதற்காகத்தான்.

அப்புறம், அமெரிக்காவில் உள்ள லைகோ என்ற கருவியில் இவற்றின் ஈர்ப்பு அலையை, அதாவது சுற்றும்போது வெளியில் பரவும் அதிர்வை, தேடுவதும் வீண். அது நொடிக்குப் பல முறை அதிரும் அலைகளைப் பிடிக்கும் கருவி. இவற்றின் ஓர் அலை கடக்கவே ஆண்டுகள் ஆகும். அதற்குப் பல்சார்கள் என்ற, கடிகாரம்போல ஒழுங்காகத் துடிக்கும் நட்சத்திர எச்சங்களின் துடிப்பை வருடக்கணக்கில் அளக்க வேண்டும். 2023 ஜூனில் அப்படி ஒரு மெல்லிய ரீங்காரத்துக்கான சான்று வெளியானது. ஆனால் அதைக் குறிப்பிட்ட எந்த ஜோடியின் குரலாகவும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வானம் முழுவதும் உள்ள ஜோடிகள் சேர்ந்து எழுப்பும் இரைச்சலாகவே அது பார்க்கப்படுகிறது.