பிளஸ் ஒன்னிலேயே கோட்டை விடுகிற இடங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் எங்கள் பள்ளி வராண்டாவில் நிற்க இடமிருக்காது. "சார், பையன் நல்ல மார்க் எடுத்திருக்கான், ஃபர்ஸ்ட் குரூப் போட்டுடுங்க." பையன் அப்பாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். "உனக்கு என்னப்பா வேணும்?" என்று அவனைக் கேட்டாலும் பதில் அப்பாவிடமிருந்துதான் வரும். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். இந்தச் சேர்க்கை மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அதே பிள்ளைகள் இரண்டு வருஷம் கழித்துக் கலந்தாய்வுக்காகக் கணினி முன் உட்காரும்போதும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அங்கே வருகிற சிக்கல்களில் முக்கால்வாசி இந்த மேசையில் தொடங்கியவைதான்.

மதிப்பெண்ணைப் பார்த்து குரூப் எடுக்கிறார்கள். நானூற்றைம்பதுக்கு மேல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், நானூறு என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே என்றால் காமர்ஸ் என்று ஊரே ஒரு தராசு வைத்திருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தக் குரூப் எந்தக் கதவை மூடுகிறது? கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்தால் பொறியியல் கலந்தாய்வு கைவிட்டுப் போகும், ஆர்க்கிடெக்சரும் போகும். உயிரியல் எடுக்காவிட்டால் மருத்துவம், கால்நடை மருத்துவம் கிடையாது. இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் பயோ-மேத்ஸ். அதற்கு விலை, நான்கு கனமான பாடங்களை இரண்டு வருஷம் சுமப்பது. கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளையிடம் "எதுக்கும் இருக்கட்டும்" என்று அதையும் தலையில் ஏற்றினால், உயிரியலில் வாங்க வேண்டிய மதிப்பெண்ணும் போகும். முன்பெல்லாம் நானே எல்லோருக்கும் பயோ-மேத்ஸ்தான் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

சட்டம் படிக்க ஆசை என்றால் எந்தக் குரூப்பும் தடையில்லை. சி.ஏ. படிக்க நினைக்கிறவர், பத்தாம் வகுப்பு முடித்ததுமே ஃபவுண்டேஷன் என்கிற முதல் நிலைத் தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டு பிளஸ் டூ முடித்துத் தேர்வு எழுதலாம். அந்தப் பிள்ளையை மார்க் இருக்கிறது என்பதற்காக இயற்பியல் வகுப்பில் உட்கார வைப்பது யாருக்காக என்று தெரியவில்லை.

அடுத்தது, பணத்தளவில் பார்த்தால் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள். பக்கத்து ஊர் தனியார் பள்ளியிலிருந்து வேன் வருகிறது: "ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் ஃப்ரீ, நீட் கோச்சிங்கும் உண்டு." வீட்டில் உச்சி குளிர்ந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன். கடைசி இரண்டு வருஷம் மாறினால் இவை அத்தனையும் போச்சு. அந்தத் தனியார் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டி.சி. கேட்க வேண்டும். இன்னொன்று, தனியார் நிர்வாகம் நடத்தி அரசு பண உதவி செய்கிற அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசே நடத்துகிற அரசுப் பள்ளி வேறு. 7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளி வராது. ஊரில் பலருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, சேர்ந்தாயிற்று. உடனே ஒரு பெருமூச்சு: "பிளஸ் ஒன் தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." இது பழைய வியாதி. ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் அரைப்பார்கள். அதற்கு மருந்தாகத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பழைய வியாதி எட்டிப் பார்ப்பது எனக்கு இப்போதே தெரிகிறது.

பாடத்திலேயே காட்டுகிறேன். பிளஸ் டூ வேதியியலில் ஹைட்ராக்ஸி சேர்மங்கள் என்றொரு பாடம். ஒரு வினை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக அம்புக்குறி போட்டு எழுத வேண்டும். பிளஸ் ஒன்னில் கரிம வினைகளின் அடிப்படையைப் படித்த பிள்ளைக்கு எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும், அம்பு தானாக வளையும். படிக்காத பிள்ளை அம்பையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறது. போன வருஷம் ஒரு பெண் பத்துப் பக்கம் அப்படி மனப்பாடம் செய்திருந்தாள். "இந்த அம்பு ஏன்மா இந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன். "நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள். கணக்கிலும் இதே கதைதான். வகையிடலும் தொகையிடலும் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் அறிமுகமாகின்றன. பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. பொறியியல் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் அந்த இரண்டாம் தொகுதியைத் தாண்டிக் குதித்தவர்களாக இருப்பார்கள். நீட்டும், மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ.யும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலிருந்தும் கேட்கின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் இந்த 'டோட்டல்' மோகம். சொந்தக்காரர்கள் கேட்பது 600-க்கு எவ்வளவு என்பதைத்தான், கலந்தாய்வு அதைக் கேட்பதில்லை. பொறியியலுக்குத் தரவரிசை போடப் பார்க்கிற கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு: கணக்கு 100-க்கு முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக. ஒரு பிள்ளை தமிழ் 97, ஆங்கிலம் 96, கணக்கு 85, இயற்பியல் 97, வேதியியல் 98, கணினி அறிவியல் 99 எடுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 572. தெருவில் இனிப்பு கொடுக்கலாம். கட்-ஆஃப் 182.5. இன்னொரு பிள்ளை தமிழ் 88, ஆங்கிலம் 85, கணக்கு 98, இயற்பியல் 91, வேதியியல் 93, உயிரியல் 90. மொத்தம் 545 தான், ஆனால் கட்-ஆஃப் 190. இருபத்தேழு மதிப்பெண் குறைவாக வாங்கியவர் தரவரிசையில் வெகு தூரம் முன்னால் நிற்பார். வேளாண்மைக்குக் கட்-ஆஃப் கணக்கிடும் முறையே வேறு, அரசுக் கலைக் கல்லூரிக்கு இன்னும் வேறு. அங்கே பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழ், ஆங்கிலம் என்றால் அந்த மொழி மதிப்பெண். எந்தப் படிப்பு எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்று பிளஸ் ஒன்னிலேயே தெரிந்தால், எந்தப் பாடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குக்கூடச் சண்டை போட வேண்டும் என்பதும் தெரியும்.

கோச்சிங் போகிறவர்கள் இதற்கு நேர்மாறு. பள்ளிப் பரீட்சையைக் கால் தூசியாக நினைப்பார்கள். என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஜே.இ.இ. ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதமோ, அந்தந்த வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள்ளோ, அதாவது நூற்றில் முதல் இருபது பேருக்குள்ளோ, இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 சதவீதம்.

"ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பது வீடுகளில் நடக்கிற தவறு. மே மாதம் ரிசல்ட் வருவதற்குள் பல வண்டிகள் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட், பிளஸ் டூ படிக்கும் வருஷ டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வு ஜனவரி. நீட் விண்ணப்பமும் பொதுத் தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு வேண்டுமென்றால் கியூட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பம். அதே சமயம், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதனால் கிளாட்டைத் தவறவிட்டுவிட்டு வக்கீல் ஆசையையே மூட்டை கட்டி வைக்க வேண்டாம்.

காகித விஷயம் சலிப்பானது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். அப்பா பெயர் கணேசன் என்றால் தமிழில் இனிஷியல் 'க'. ஆங்கிலத்தில் அது 'ஜி'. நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'க' தானே, அதனால் ஆதாரில் 'கே' என்று பதிந்திருப்பார்கள், சாதிச் சான்றிதழில் 'ஜி' இருக்கும். மகள் பெயர் தேன்மொழி என்றால் இன்னும் வேடிக்கை: 'ழி'க்கு ஒன்றில் இசட் ஹெச், இன்னொன்றில் வெறும் எல். தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலான பிளஸ் டூ நாமினல் ரோல் தயாராகும்போது நாங்கள் தாளைக் கொடுத்து, "பெயர், பிறந்த தேதி, இனிஷியல் சரியா பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்று கரடியாகக் கத்துவோம். பாதிப் பேர் படிக்காமலே போடுவார்கள். சான்றிதழ் அச்சாகி வந்தபின் அதைத் திருத்த அலைகிற அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில் எல்லாத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அதன் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டு நீட்டினால் செல்லாது.

நிர்வாக ஒதுக்கீடு என்றதும் இடைத்தரகர் ஞாபகம் வருகிறது. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே, "சீட்டை இப்பவே பிடிச்சு வெச்சுடலாம், ஒரிஜினல் மட்டும் குடுங்க" என்று வருவார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் அது. கொடுத்துவிட்டால், நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும்போது கையில் டி.சி. இருக்காது.

கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற விருப்பப் பட்டியலில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டே எட்டுக் கல்லூரி போட்டுவிட்டு, "எதுவும் வரலை சார்" என்று நிற்பார்கள். முந்தைய வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃபோடு முடிந்தது என்ற பட்டியல் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எட்டாக் கனி என்று தோன்றினாலும் ஆசைப்பட்ட கல்லூரியையே முதலில் போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் போகுமே தவிர எதுவும் குறையாது. வரிசை மாறினால்தான் ஆபத்து. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பதிவு செய்கிற செல்போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு பையனுக்கு பிரவுசிங் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டுப் பதிந்திருந்தார். இடம் ஒதுக்கீடானது, அதை உறுதி செய்ய வேண்டிய கடைசி நாளில் பையனுக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மாற்றப் போனால் ஓ.டி.பி. அந்த நம்பருக்குப் போகிறது. ஆடி மாதம், கடையைப் பூட்டிவிட்டு அவர் சொந்த ஊர் தீமிதிக்குப் போயிருந்தார். ஐந்து மணியோடு நேரம் முடிகிறது. நாலரைக்கு ஒருவழியாகப் போனை எடுத்தார். பின்னால் பம்பை சத்தம் காதைப் பிளக்க, அவர் ஒவ்வொரு எண்ணாகக் கத்த, நான் பையன் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். நாலாவது எண் ஏழா எட்டா என்று மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.