கென்யாவா, டான்சானியாவா: வேலைக்கு வருபவர்கள் போட வேண்டிய கணக்கு

கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்து வருபவர்களில் பலர், கென்யாவும் டான்சானியாவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற நினைப்பிலேயே வந்து இறங்குகிறார்கள். இரண்டிலும் சுவாஹிலி மொழி, இரண்டிலும் ஷில்லிங் நாணயம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஷில்லிங்கிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. ஒரு கென்ய ஷில்லிங்குக்கு ஏறத்தாழ இருபது டான்சானிய ஷில்லிங் கிடைக்கும். டான்சானியாவின் மிகப் பெரிய நோட்டு 10,000. அப்படி இரண்டு நோட்டுகளைக் கொடுத்தால்தான் கென்யாவின் ஒரு 1,000 நோட்டுக்கு ஈடாகும். சம்பளக் கடிதத்தில் சுழியங்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆள்பலத்தில் டான்சானியா பெரியது. 2022 கணக்கெடுப்பில் 6.17 கோடிப் பேர். கென்யாவில் 2019இல் 4.76 கோடி. பொருளாதாரத்தில் இது தலைகீழ். உலக வங்கியின் கணக்கில் 2023ஆம் ஆண்டு கென்யாவின் மொத்த உற்பத்தி சுமார் 10,800 கோடி டாலர், டான்சானியாவுடையது சுமார் 7,900 கோடி. தலைக்கு வகுத்தால் கென்யாவில் ஏறத்தாழ 1,950 டாலர், டான்சானியாவில் 1,200.

அதற்காகக் கென்யத் தலைநகர் நைரோபிதான் லாபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கென்ய அரசின் கழுத்தில் கடன் சுமை இருக்கிறது. 2024 ஜூனில் புதிய வரிகளை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கியதும் அதிபர் ரூட்டோ அந்த மசோதாவைக் கைவிட்டார். வருமான வரி போக, சம்பளத்தில் வீட்டுவசதி நிதிக்கு 1.5 சதவீதமும் சுகாதாரக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதமும் பிடிப்பார்கள். கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புபவர்களுக்கு இன்னொன்று: 2024 தொடக்கத்தில் டாலருக்கு 160 வரை சரிந்த கென்ய ஷில்லிங், அதே ஆண்டில் 130க்குத் திரும்பியது. முடிந்தால் டாலரில் சம்பளம் பேசுங்கள்.

டான்சானியாவில் கவலை வேறு. 2012இல் 4.49 கோடியாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 1.68 கோடி கூடிவிட்டது. இத்தனை இளைஞர்களுக்கும் வேலை தேட வேண்டிய அரசு, வெளிநாட்டவருக்குக் கதவைத் தாராளமாகத் திறக்காது. என் பார்வையில் அது நியாயம்தான். உங்கள் வேலையைப் பின்னர் உள்ளூர்க்காரர் ஏற்பதற்கான திட்டத்தை நிறுவனம் காட்ட வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் சின்னதாகக் கடை வைக்கலாம் என்ற யோசனையும் நடக்காது: சில்லறை வியாபாரம், கைபேசி பழுதுபார்ப்பு, முடிதிருத்தகம் உட்படப் பல சிறுதொழில்களை 2025 ஜூலையில் வெளிநாட்டவருக்குத் தடைசெய்துவிட்டார்கள்.

நைரோபியில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளலாம். டான்சானியாவின் பெருநகரான டார் எஸ் சலாமில் சுவாஹிலி இல்லாமல் சந்தையில் பேரம்கூடப் பேச முடியாது. பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமோ" என்று வணங்குங்கள். "மரஹபா" என்று பதில் வரும், பிறகு பேச்சும் இலகுவாகும். நேரத்தையும் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். "காலை இரண்டு மணி" என்றால் எட்டு மணி.

பெட்டியில் துவரம்பருப்பையும் புளியையும் திணிக்க வேண்டாம். டான்சானியத் துவரை இந்தியாவுக்கே கப்பலேறுகிறது. புளியும் அங்கே விளைகிறது. எதைக் கட்டினாலும் துணிப்பையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பைகளை கென்யா 2017லும் டான்சானியா 2019லும் தடைசெய்துவிட்டன.